குறைத்த பணம் எங்கே போகிறது?

"வீட்டில் இரண்டு பேர் சம்பாதிக்கிறோம். ஒரு வருடமாக வெளியில் சாப்பிடுவதைக் குறைத்துவிட்டோம். சாயங்காலம் இருவரும் நடந்துபோய்க் காபி குடித்துவிட்டு வருவோம், அதைக்கூட நிறுத்தியாயிற்று. செலவையெல்லாம் ஆப்பில் எழுதுகிறோம். மாதக் கடைசியில் கொஞ்சம் மிஞ்சவும் செய்கிறது. ஆனால் வருடம் முடிந்து பார்த்தால் சேமிப்பு இல்லை, கிரெடிட் கார்டு பாக்கிதான் ஏறியிருக்கிறது. இன்னும் எதைத்தான் குறைப்பது?" இதுதான் உங்கள் கேள்வி. "எதைக் குறைப்பது" என்று முடித்திருந்தாலும் உங்களை அரிப்பது அதுவல்ல என்று நினைக்கிறேன். குறைக்கத்தான் குறைத்தோமே, அந்தப் பணம் எங்கே போனது என்பதுதான் நீங்கள் கேட்பது. முதலில் அதற்குப் பதில் சொல்கிறேன். எதைக் குறைப்பது என்பது அதிலிருந்து தானாக வரும்.

கடனில் மாட்டிக்கொண்ட குடும்பங்களோடு உட்கார்ந்து அவர்கள் வரவு செலவைப் பிரித்துப் பார்ப்பது பதினெட்டு வருடமாக என் வேலை. சேர்த்த பணத்தை எதில் போட்டுப் பெருக்குவது என்பது என் துறை இல்லை, அந்தப் பக்கம் நான் போகமாட்டேன். வரிச் சட்டங்களும் நாட்டுக்கு நாடு வேறு. எந்த ஊரில், எந்தச் சம்பளத்தில் இருந்தாலும் பொருந்தும் என்று நான் நம்புவதை மட்டும் எழுதுகிறேன்.

மாதக் கணக்கு ஒரு வீட்டின் முழுச் செலவைக் காட்டாது. சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு தம்பதியின் கணக்கைப் பாருங்கள். தொகையை விட்டுவிட்டு, அவர்கள் மாத வருமானத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். வாடகை, கடன் தவணை, இணையம், சந்தாக்கள் என்று மாதாமாதம் மாறாமல் போனது 62. மளிகை, மின்சாரம், எரிபொருள், கைச்செலவு எல்லாம் 30. ஆக 92 போய் 8 மிச்சம். வருடத்துக்கு 96, அதாவது கிட்டத்தட்ட ஒரு மாதச் சம்பளம் கையில் இருந்திருக்க வேண்டும். இருந்ததோ 54 கார்டு பாக்கி. எழுதியது பொய் இல்லை, எழுதாமல் விட்டதும் இல்லை. இருவரும் ஒருவரையொருவர் சந்தேகப்பட ஆரம்பித்திருந்தார்கள். கணவர் ஒளித்து யாருக்கோ கைமாத்து கொடுக்கிறார் என்று மனைவிக்கு ஒரு எண்ணம். மனைவி ஆன்லைனில் வாங்கித் தள்ளுகிறார் என்று கணவருக்கு.

பன்னிரண்டு மாத வங்கி ஸ்டேட்மென்ட்டையும் கார்டு பில்லையும் அச்செடுத்து வரச் சொன்னேன். என் மேஜையில் எப்போதும் மூன்று கலர் பென்சில் இருக்கும். மாதாமாதம் மாறாமல் போவதற்கு நீலம், மாதாமாதம் வந்தாலும் கூடிக்குறைவதற்குப் பச்சை, வருடத்தில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ மட்டும் வருவதற்குச் சிவப்பு. அவர்களே கோடு போட்டார்கள். சிவப்பில் விழுந்தவை: வண்டி இன்சூரன்ஸ், பிள்ளையின் பள்ளிக் கட்டணம் இரண்டு தவணை, பல் மருத்துவர், மூக்குக்கண்ணாடி, இரண்டு டயர், வாஷிங் மெஷின் பழுது, மூன்று திருமணப் பரிசுகள், பெற்றோரைப் பார்க்கப் போய்வந்த பயணச் செலவு என்று மொத்தம் பதினேழு வரிகள். இதில் எதையும் வீண் செலவு என்று யாரும் சொல்ல முடியாது. கூட்டினால் 150. அதிலிருந்து மிஞ்சிய 96-ஐக் கழித்தால் 54. கால்குலேட்டரில் அந்த எண் வந்ததும் அந்த அம்மா பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். இருவரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. கணவர்தான் கடைசியில், "அப்போ நாம ரெண்டு பேருமே தப்புப் பண்ணலை" என்றார்.

அவர்கள் ஆப்பில் இந்தப் பதினேழும் "எதிர்பாராத செலவு" என்ற பெயரில் கிடந்தன. டயர் தேய்வதில் எதிர்பாராதது என்ன இருக்கிறது? எந்த மாதத்தில் என்பதுதான் தெரியாது, வரும் என்பது தெரியும். அடுத்த வருடம் டயருக்குப் பதில் பேட்டரி வரும், பல்லுக்குப் பதில் முட்டி வரும். பெயர் மாறும், மொத்தம் பெரிதாக மாறாது. 150-ஐ 12-ஆல் வகுத்தால் மாதத்துக்கு 12.5. அவர்களுடைய உண்மையான மாதச் செலவு 92 அல்ல, 104.5. மாதாமாதம் 4.5 துண்டு விழுந்துகொண்டிருந்தது. அதை அவர்கள் 8 மிச்சம் என்று நினைத்து, அந்த எட்டில் கொஞ்சத்தைத் தாராளமாகக் கைவைக்கவும் செய்திருந்தால் பாக்கி இன்னும் ஏறியிருக்கும். உங்கள் வீட்டிலும் இதுதான் நடக்கிறது என்று அடித்துச் சொல்ல மாட்டேன், உங்கள் ஸ்டேட்மென்ட்டை நான் பார்க்கவில்லை. ஆனால் "மாதம் மிஞ்சுகிறது, வருடம் கடனாகிறது" என்று சொல்லி வந்தவர்களில் பெரும்பாலோர் கணக்கில் நான் பார்த்தது இதைத்தான்.

ஆகவே ஒரு சனிக்கிழமை மதியத்தை ஒதுக்கி, அந்த மூன்று கலர் வேலையைச் செய்துவிடுங்கள். ஆப்பில் வேண்டாம், காகிதத்தில் செய்யுங்கள், இருவரும் சேர்ந்து செய்யுங்கள். சிவப்பு மொத்தத்தை 12-ஆல் வகுத்து வரும் தொகைக்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்கு வையுங்கள். சம்பளம் வந்த அன்றே அது அங்கே தானாகப் போய்விடுகிற மாதிரி வங்கியில் ஏற்பாடு செய்துவிடுங்கள். அதன் கார்டை வீட்டில் வைத்துவிடுங்கள், போனிலும் இணைக்காதீர்கள். இன்சூரன்ஸ் வந்தால் அதிலிருந்து, டயர் போனால் அதிலிருந்து. இதில் ஒரு சிக்கல் உண்டு. ஆரம்பித்த இரண்டாவது மாதமே பெரிய சிவப்புச் செலவு வந்தால் கணக்கில் பணம் இருக்காது. போனஸோ வேறு ஏதாவது தொகையோ வரும்போது அதை முதலில் இங்கே போட்டு ஒரு அடித்தளம் போட்டுக்கொள்வது நல்லது. இல்லையென்றால் முதல் வருடம் கொஞ்சம் கையைக் கடிக்கத்தான் செய்யும், இரண்டாவது வருடம் சரியாகிவிடும்.

இப்போது உங்கள் கேள்விக்கு ஒரு எண் கிடைத்துவிட்டது பாருங்கள். அந்தத் தம்பதிக்கு 4.5 குறைத்தால்தான் கடன் ஏறாமல் நிற்கும். அதற்கு மேல் குறைப்பதுதான் சேமிப்பு. எவ்வளவு குறைக்க வேண்டும் என்று தெரியாமல் கண்ணில் படுவதையெல்லாம் குறைப்பவர்கள் மூன்று மாதத்தில் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள்.

குறைப்பதை நீலத்திலிருந்து தொடங்குங்கள் என்பேன். எல்லோரும் பச்சையில்தான் தொடங்குகிறார்கள், தினமும் கண்ணில் படுவது அதுதானே. ஆனால் பச்சையில் மிச்சம் பிடிக்க முப்பது நாளும் மனதைக் கட்ட வேண்டும். நீலத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பேசி முடித்தால் அது மாதாமாதம் தானாக மிஞ்சும். சந்தாக்களை ஒவ்வொன்றாக "இது வேண்டுமா" என்று யோசிக்காதீர்கள், எல்லாமே வேண்டும் என்றுதான் தோன்றும். எல்லாவற்றையும் ரத்து செய்துவிட்டு, எது இல்லாமல் வீட்டில் சத்தம் வருகிறதோ அதற்கு மட்டும் மறுபடி பணம் கட்டுங்கள். இணையம், போன் திட்டங்களை வருடத்துக்கு ஒரு தடவை மற்ற நிறுவனங்களோடு ஒப்பிட்டுவிட்டு, "போகப் போகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். பாதி நேரம் அதற்கே விலை இறங்கும். இன்சூரன்ஸையும் புதுப்பிக்கும் முன் ஒப்பிடுங்கள். ஆனால் மருத்துவக் காப்பீட்டையும், சம்பாதிக்கிறவரின் உயிருக்கான காப்பீட்டையும் செலவு என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள். அப்படி வெட்டியவர்கள் திரும்பி வந்து என் முன்னால் உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக் கடன் இருந்தால் அதில்தான் பெரிய மிச்சம் இருக்கிறது. உதாரணத்துக்கு 9 சதவீத வட்டியில் 20 வருடக் கடன் என்றால், முதல் மாதத் தவணையில் ஆறில் ஐந்து பங்கு வட்டிக்கே போகும், அசலில் கழிவது ஒரு பங்குதான். அதனால் ஆரம்ப வருடங்களில் கூடுதலாகக் கட்டும் பணம் நேராக அசலை அடிக்கும். வருடத்துக்கு ஒரே ஒரு தவணை கூடுதலாகக் கட்டிவந்தால் இந்த உதாரணத்தில் கடன் சுமார் மூன்றரை வருடம் முன்னதாகவே முடிந்துவிடும். முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டா என்று ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்கு என்ன வட்டி கொடுக்கிறீர்கள் என்றும் உங்கள் வங்கியிடம் கேளுங்கள். பழைய வாடிக்கையாளர் கேட்காதவரை பழைய வட்டியே ஓடிக்கொண்டிருப்பது சகஜம்.

ஆனால் கிரெடிட் கார்டு பாக்கி இருக்கும்வரை வீட்டுக் கடன் காத்திருக்கட்டும். மாதம் 3 சதவீதம் என்று கார்டு பில்லில் போட்டிருந்தால், அது வட்டிக்கு வட்டியோடு வருடத்துக்கு 42 சதவீதத்துக்கு மேல். குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினால் என்ன ஆகும் என்று பலருக்குத் தெரிவதில்லை. மாத வட்டி 3 சதவீதம், குறைந்தபட்சத் தொகை 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், புதிதாக ஒரு பொருளும் வாங்காமல் இருந்தாலும் பாக்கி பாதியாக 32 மாதம் ஆகும். இவ்வளவு வட்டியை நிச்சயமாகத் தரும் சேமிப்புத் திட்டம் சாதாரணமாகக் கிடைக்காது. ஆகவே கார்டை அடைப்பதுதான் இப்போது உங்களுக்கு இருக்கும் மிகச் சிறந்த சேமிப்பு. ஒரு விதிவிலக்கு மட்டும்: கையில் ஒன்றுமே இல்லாமல் எல்லாவற்றையும் கார்டில் கட்டிவிடாதீர்கள். அடுத்த வாரம் ஒரு பழுது வந்தால் மறுபடி கார்டைத்தான் தேய்ப்பீர்கள். சிவப்புக் கணக்கில் இரண்டு மூன்று மாதத் தொகை சேரட்டும், அப்புறம் முழு பலத்தோடு கார்டைப் பிடியுங்கள்.

பல கடன்கள் இருந்தால் எதை முதலில் அடைப்பது என்பதில் எனக்கே உறுதி கிடையாது. வட்டி அதிகமானதை முதலில் அடைத்தால் மொத்த வட்டி குறையும், இது வெறும் கணக்கு, சந்தேகமே இல்லை. ஆனால் ஆகச் சிறியதை முதலில் முடித்து ஒரு கணக்கை மூடிய சந்தோஷத்தில் மற்றதையும் தளராமல் கட்டியவர்கள் என்னிடம் நிறைய. பாதியில் விட்டுவிடுகிற சுபாவம் என்றால் சிறியதிலிருந்து தொடங்குங்கள்.

பச்சைக்கு வருவோம். மின்சாரத்தில் ஒன்றே ஒன்று தெரிந்தால் போதும், சூடாக்குவதும் குளிரவைப்பதும்தான் மின்சாரத்தைத் தின்பவை. 2,000 வாட் வாட்டர் ஹீட்டர் அரை மணி நேரம் ஓடினால் 1 யூனிட். போன் சார்ஜரைப் பிளக்கிலேயே விட்டுவைத்தால் இப்போதைய நல்ல சார்ஜர் ஏறத்தாழ 0.1 வாட் எடுக்கும், வருடம் முழுக்கச் சேர்ந்தாலும் ஒரு யூனிட்கூட வராது. சார்ஜரைப் பிடுங்கச் சொல்லிப் பிள்ளைகளைத் திட்டிக்கொண்டு, ஹீட்டரை ஒரு மணி நேரம் மறந்து விட்டுவைக்கிற வீடுகளை எனக்குத் தெரியும். பழைய 60 வாட் குண்டு பல்பு எங்காவது எரிந்தால் 9 வாட் எல்இடிக்கு மாற்றுங்கள். தினம் ஐந்து மணி நேரம் எரியும் ஒரு பல்புக்கே வருடத்துக்குத் தொண்ணூறு யூனிட்டுக்கு மேல் மிஞ்சும். ஏசியை ஒரு டிகிரி ஏற்றி வைத்தால் மிச்சமாகும் என்பது நிச்சயம். எத்தனை சதவீதம் என்று இணையத்தில் போட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். அறை, வெயில், மெஷின் எல்லாவற்றையும் பொறுத்தது அது.

சாப்பாட்டில் விலை பார்த்து வாங்குவதைவிட, வாங்கியதைக் குப்பையில் போடாமல் இருப்பதுதான் பெரிய விஷயம். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட கணக்கின்படி 2022-இல் உலகத்தில் வீணான உணவு 105 கோடி டன், தோல், எலும்பு எல்லாம் சேர்த்து. அதில் 60 சதவீதம் கடைகளிலோ ஹோட்டல்களிலோ வீணானதல்ல, வீடுகளில் வீணானது. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டி, தூக்கிப் போடுவதையெல்லாம் இரண்டு வாரம் எழுதுங்கள். அந்தத் தாளில் எது இரண்டு தடவை வருகிறதோ அதை அடுத்த தடவை பாதி வாங்குங்கள். மொத்தமாக வாங்கினால் மலிவு என்பதும் பாதி உண்மைதான். 100 கிராமுக்கு என்ன விலை என்று வகுத்துப் பாருங்கள், பெரிய பொட்டலம் சில சமயம் சின்னதைவிட விலை கூட. அப்படியே மலிவாக இருந்தாலும், டப்பா பெரிதானால் கையும் தாராளமாகிவிடும். நான் ஒரு தடவை சலுகையில் மூட்டை கணக்காகச் சோப்புத்தூள் வாங்கிவைத்தேன். ஈரம் இறங்கிப் பாறையாகிவிட்டது. சுத்தியலால் உடைத்து உடைத்துத்தான் துவைத்தோம். ஊருக்கெல்லாம் கணக்குச் சொல்கிறவன் வீட்டில்.

ரொக்கமாகக் கொடுத்தால் செலவு குறையுமா என்று பலர் கேட்பார்கள். 2001-இல் பிரெலெக், சிமெஸ்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு ஏலச் சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். விளையாட்டுப் போட்டி டிக்கெட்டுக்குக் கார்டில் கட்டலாம் என்று சொல்லப்பட்ட குழு, ரொக்கம்தான் என்று சொல்லப்பட்ட குழுவைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை கேட்டது. ஆனால் அது கிடைப்பதற்கு அரிதான டிக்கெட், பங்கேற்றவர்கள் வணிக மேலாண்மை மாணவர்கள். அதை வைத்து மளிகைக் கடையிலும் இரண்டு மடங்கு என்று சொல்வது அபத்தம். கைச்செலவுக்கு மட்டும் வாரம் ஒரு தொகையை ரொக்கமாக எடுத்து வைத்துக்கொள்வது என் அனுபவத்தில் பலருக்கு உதவியிருக்கிறது, சிலருக்குத் துளியும் உதவவில்லை. ஒரு மாதம் செய்து பாருங்கள். ஆனால் கடை ஆப்களில் சேமித்து வைத்திருக்கும் கார்டு எண்ணை அழித்துவிடுவது எல்லோருக்குமே வேலை செய்கிறது. எழுந்துபோய்க் கார்டை எடுத்துவந்து பதினாறு எண்ணை அடிப்பதற்குள் பாதி ஆசை அடங்கிவிடும்.

50 சதவீதம் தேவைக்கு, 30 ஆசைக்கு, 20 சேமிப்புக்கு என்று ஒரு விதி சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். வருமானம் குறையக் குறைய அதில் உணவுக்குப் போகும் பங்கு கூடும் என்று எர்ன்ஸ்ட் எங்கெல் என்ற ஜெர்மன் புள்ளியியலாளர் 1857-லேயே கண்டுபிடித்துச் சொன்னார், அது இன்றைக்கும் பொருந்துகிறது. ஏற்கெனவே வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாழும் வீட்டில் போய் 20 சதவீதம் சேமி என்பது கொடுமை. மூன்று கலரும் போட்டுப் பார்த்தும் குறைக்க இடமில்லை என்று வந்தால், பிரச்சினை செலவில் இல்லை, வருமானத்தில் இருக்கிறது. அதற்குச் சிக்கன யோசனைகள் எதுவும் உதவாது, என்னுடையதும் சேர்த்துத்தான். மூன்று மாதம் முதல் ஆறு மாதச் செலவு வரை கையிருப்பு வேண்டும் என்பதும் ஒரு குத்துமதிப்புதான். நிலையான வேலை இருவருக்கும் இருந்தால் மூன்று போதும், நிலையில்லாத வருமானம் என்றால் ஆறுகூடப் பத்தாது.

சேமிப்புத் தொகையை எப்படிக் கூட்டுவது என்பதில் எனக்கு மிகவும் பிடித்த யோசனை ஒன்று உண்டு. ரிச்சர்ட் தேலர், ஷ்லோமோ பெனார்ட்ஸி என்ற இருவர் 2004-இல் வெளியிட்ட ஆய்வு அது. இப்போதைய சம்பளத்திலிருந்து ஒன்றும் கேட்காமல், இனி வரும் ஒவ்வொரு சம்பள உயர்விலும் ஒரு பங்கு சேமிப்புக்குப் போக இன்றே சம்மதம் வாங்கிவிட்டார்கள். சேர்ந்த ஊழியர்களின் சேமிப்பு 40 மாதத்தில் சம்பளத்தின் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமாக ஏறியது. கையில் வந்து பழகாத பணம் போனால் வலிக்காது, அதுதான் சூட்சுமம். கார்டு அடைந்த மாதத்திலிருந்து அதற்குக் கட்டிக்கொண்டிருந்த தவணையையும் இதே மாதிரி அடுத்த நாளே சேமிப்புக்குத் திருப்பிவிடுங்கள். ஒரு மாதம் கையில் இருக்கவிட்டால்கூட அது செலவோடு கலந்துவிடும்.

இருவரும் சம்பாதிப்பதால் இன்னொன்று. ஆளுக்கு ஒரு சின்னத் தொகை, அதற்குக் கணக்குக் கேட்கக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் கணக்குக் காட்ட வேண்டிய வீட்டில்தான் ஒளித்துச் செலவு செய்வது ஆரம்பிக்கிறது.

அப்புறம் அந்தச் சாயங்காலக் காபி. தினமும் இருவரும் போனாலும் அது உங்கள் வருமானத்தில் எத்தனை பங்கு என்று ஸ்டேட்மென்ட்டில் பச்சைக் கோடு போடும்போது தெரிந்துவிடும். நான் பார்த்த வீடுகளில் அப்படிப்பட்ட செலவு 100-க்கு 2-ஐத் தாண்டியது அபூர்வம். வாரம் இரண்டு நாள் என்று வைத்து, பட்ஜெட்டில் அதற்கென்று ஒரு வரி எழுதிவிட்டு, மறுபடி போக ஆரம்பியுங்கள்.